சோபாவில் பூனை மூத்திர வாடை போன விதம்

பூனை மூத்திரத்தில் உண்மையான தொல்லை யூரிக் அமிலம். அதன் படிகங்கள் தண்ணீரில் லேசில் கரையாது. அதனால்தான் துடைத்த சோபா வெயில் நாளில் சும்மா இருந்துவிட்டு, மழை ஈரம் பட்டதும் மறுபடி நாறும்.

எங்கள் வீட்டு சோபா குஷனின் உறையைக் கழற்றினால், மேலே உள்ளங்கை அளவு கறை, உள்ளே ஸ்பாஞ்சில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மஞ்சள். மேலாகத் தெளித்தால் எட்டாது. செல்லப்பிராணிக் கறைக்கென்றே விற்கும் என்சைம் திரவத்தை அந்த மஞ்சள் முழுக்க ஊறும்படி ஊற்றி, சீக்கிரம் காயாமலிருக்க ஈரத்துணி போட்டு ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் பழைய துண்டை வைத்து அழுத்தி ஈரத்தை எடுத்து, மொட்டைமாடியில் காயவைத்தேன். வாடை பெரும்பாலும் போய்விட்டது; மிச்சத்துக்கு இன்னொரு முறை.

டைல்ஸ் தரைக்கு வினிகர் கலந்த தண்ணீர் போதும். மார்பிள் என்றால் வேண்டாம், பாலிஷை அரித்துவிடும். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். மூத்திரத்திலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். அப்புறம், ஃபினாயிலும் பூனைக்கு ஆகாது. பாதத்தில் ஒட்டியதை அது நக்கிவிடும்.