'சின்ன ஊர்தானே!' – ஆவணப்பட முதல் காட்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் குழு முதன்முதலாக ஓர் ஆவணப்படத்தைத் திரையிட முடிவு செய்தபோது, கூட்டத்தில் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான்: "சின்ன ஊர்தானே, யார் வந்து கேட்கப்போகிறார்கள்?" உரிமை வாங்க வேண்டுமா, தமிழ் வசனவரி வேண்டுமா, உண்டியல் வைக்கலாமா என்று எதைக் கேட்டாலும் அதே பதில். நாங்கள் செய்த தவறுகளில் முக்கால்வாசி அந்த ஒரு வாக்கியத்திலிருந்து கிளம்பியவைதான்.

படம் ஆப்பிரிக்கக் கிராமங்களின் தண்ணீர்ப் பஞ்சத்தையும் அதற்குத் தீர்வாக வைத்த ஒரு பம்பையும் பற்றியது. கோயில் மண்டபம், நூற்றைம்பது நாற்காலி, வாசலில் மைலோவும் கறி பஃபும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அனுமதியைத் தவிர.

முதலில் அதைப் பேசிவிடுவோம். வீட்டில் மாதச் சந்தா கட்டிப் படம் பார்ப்பது வேறு, மண்டபத்தில் ஊருக்குக் காட்டுவது வேறு. யூடியூபின் விதிகளே தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் என்கின்றன. அதைப் பொதுத் திரையில் போடுவது கூடாது. நெட்பிளிக்ஸ் தன் சொந்த ஆவணப்படங்களில் சிலவற்றைக் கல்வி நோக்கில் ஒருமுறை திரையிட விடுகிறது. ஆனால் நுழைவுக் கட்டணம், நன்கொடை, விளம்பரதாரர் மூன்றும் கூடாது என்பது நிபந்தனை. அதாவது நல்ல காரியத்துக்காக நீங்கள் வாசலில் வைக்கும் உண்டியலே அந்த அனுமதியை மீறிவிடும். பலர் சறுக்குவது இங்கேதான். படம் எடுத்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். சமூகக் காட்சி என்றால் குறைந்த கட்டணத்துக்கோ சும்மாவோ கொடுப்பவர்களும் உண்டு.

அப்புறம் தணிக்கை. 2002ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி, தணிக்கை வாரியத்தின் ஒப்புதல் பெறாத படத்தைத் திரையிடுவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே குற்றம். 5,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். "இலவசமாகத்தானே காட்டுகிறோம்" என்பது எடுபடாது. இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றிய 'நோ ஃபயர் சோன்' ஆவணப்படத்தை 2013 ஜூலையில் கோலாலம்பூரில் திரையிட ஏற்பாடு செய்ததற்காக, கோமாஸ் என்ற மனித உரிமை அமைப்பைச் சேர்ந்த லீனா ஹென்ட்ரி நீதிமன்றம் ஏறினார். வழக்கு இழுத்துக்கொண்டே போய், 2017இல் அவருக்கு 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. அந்தச் சட்டம் நியாயமா என்று தனியாக விவாதிக்கலாம், எனக்கும் கருத்து உண்டு. ஆனால் ஏற்பாட்டாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் படத்துக்கு வாரியத்தின் ஒப்புதல் இருக்கிறதா? அழைப்பிதழ் அச்சடிப்பதற்கு முன்பே கேளுங்கள்.

கருவிகளைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. இங்கே ஏழரை மணி வரை வெளிச்சம் இருக்கும், அதற்கு முன் தொடங்கினால் திரையில் ஒன்றும் தெரியாது. சாயங்கால மழை தகரக் கூரையில் விழுந்தால் ஒலிபெருக்கி தோற்றுவிடும். படத்தை இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டாதீர்கள், கோப்பாக வாங்கி வையுங்கள். அவ்வளவுதான்.

மொழிதான் எங்களுக்குப் பெரிய அடி. படம் ஆங்கிலத்தில், வசனவரியும் ஆங்கிலத்தில். முன்வரிசையில் இருந்தவர்கள் நாற்பது வருடம் பால்மரம் சீவிய பாட்டிமார்கள். பதினைந்தாவது நிமிடம் ஒருவர் பேத்தியிடம், "என்னம்மா சொல்றான்?" என்று கேட்க, அதற்குப் பிறகு மண்டபம் முழுக்க மொழிபெயர்ப்புச் சலசலப்பு. தமிழ் வசனவரி போட்டாலும் பாதிதான் தீரும். கண் மங்கியவர்களுக்கு ஓடும் எழுத்து எட்டாது, இளசுகளுக்கோ தமிழைவிட மலாய் வேகமாக ஓடும். அடுத்த காட்சியில் நாங்கள் செய்தது பழைய வழி. நல்ல குரல்வளம் உள்ள ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரை ஒலிவாங்கியோடு பக்கத்தில் நிறுத்தி, காட்சிகளுக்கு இடையே கதை சொல்ல வைத்தோம். திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டிய தோட்டக் காலத்தைப் பார்த்தவர்களுக்கு அது விசித்திரமாகவே படவில்லை.

ஒய்.பி.யை, அதாவது தொகுதியின் மக்கள் பிரதிநிதியை, அழைப்பது தவறில்லை. அவர் வரும்வரை படத்தை நிறுத்தி வைப்பதுதான் தவறு. எழுபது நிமிடம் காத்திருந்தோம். பொன்னாடை, மாலை, நான்கு பேச்சு. படம் முடிந்தபோது பத்தே முக்கால், விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்கள் எழுந்து போய்விட்டார்கள். கலந்துரையாடலுக்கு ஒதுக்கிய அரை மணி நேரம் எட்டு நிமிடமாகச் சுருங்கியது.

ஆனால் அந்த எட்டு நிமிடத்தில்தான் ஒரு பாட்டி எழுந்து கேட்டார்: "அந்தப் பம்பு கெட்டுப்போனா யாரு தம்பி வந்து பாப்பா?"

எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. தோட்டக் குடியிருப்பான லயத்தில் குழாய் உடைந்து வாரக்கணக்கில் வாளி தூக்கியவருக்கு முதலில் தோன்றும் கேள்வி, படத்தைத் தேர்ந்தெடுத்த ஆறு பேருக்கும் தோன்றவே இல்லை. தீர்வு சொல்லும் படங்களைத் தேர்வு செய்யும்போது நேர்கிற மிகப் பெரிய தவறு இதுதான்: தீர்வு தொடங்கிய நாளை மட்டும் பார்ப்பது.

இதற்கு நல்ல உதாரணம் பிளேபம்ப். பிள்ளைகள் ராட்டினத்தைச் சுற்றி விளையாட, அந்தச் சுழற்சியில் நிலத்தடி நீர் மேலேறி தொட்டியை நிரப்பும். பார்க்க அவ்வளவு அழகு! 2005இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி இதைப் பற்றி ஒரு செய்திப்படம் ஒளிபரப்பியது. மறுவருடம் அமெரிக்க அரசும் தனியார் அறக்கட்டளைகளும் சேர்ந்து 1 கோடியே 64 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தன. 2010க்குள் ஆப்பிரிக்காவில் 4,000 பம்புகள் என்பது இலக்கு. ஒரு பம்புக்கு ஏறக்குறைய 14,000 டாலர், சாதாரணக் கைப்பம்பைப் போல நான்கு மடங்கு. 2010இல் அந்தச் செய்திப்படத்தை எடுத்த செய்தியாளரே மொசாம்பிக்குக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, பல பம்புகள் பழுதாகிக் கிடந்தன. பிள்ளைகள் விளையாடாத நேரத்தில் பெண்கள் அந்தக் கனத்த ராட்டினத்தைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். முன்பிருந்த கைப்பம்பை எடுத்துவிட்டுத்தான் இதை நட்டிருந்தார்கள். பழுது பார்க்க ஆள் வருவதும் அரிது. எங்கள் பாட்டியின் கேள்வியை 2005இலேயே யாராவது கேட்டிருக்கலாம்.

அதற்காகச் சோகப் படமே காட்டுங்கள் என்று சொல்லவில்லை. வேலை செய்த தீர்வுகளும் உண்டு. 1971இல் வங்காளதேசப் போரிலிருந்து தப்பி வந்த அகதிகள் நிறைந்த, மேற்கு வங்கத்துப் பங்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் சாப்பாட்டு உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தது பெரும்பாலும் நோயாளியின் சொந்தக்காரர்களே. 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 3.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. பாட்டியின் கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். கெட்டுப்போக இங்கே கருவியே இல்லை. தெரிந்துகொண்ட தாயே அடுத்த பிள்ளைக்கும் கலக்கிக் கொடுப்பாள். படத்தைத் தேர்வு செய்ய உட்காரும்போது இந்தச் சோதனையைப் போடுங்கள்: ஐந்து வருடம் கழித்து அங்கே என்ன நடக்கிறது என்று படம் காட்டுகிறதா? எங்கே தோற்றது என்று ஒரு வார்த்தையாவது சொல்கிறதா? இரண்டும் இல்லையென்றால் அது விளம்பரம்.

வங்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் செம்பனைத் தோட்டங்களில் இன்று குலை வெட்டுவதும் பழைய லயங்களில் குடியிருப்பதும் பெரும்பாலும் வங்காளதேசத்தவர், நேப்பாளியர், இந்தோனேசியர். 'உலக மனிதநேயப் பிரச்சினை' என்று பதாகை கட்டிய எங்கள் மண்டபத்துக்குள் அவர்களில் ஒருவர்கூட இல்லை. சாலையோரக் கடையில் தேநீர் குடித்தபடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

பார்வையாளர்களை வெறும் பணப்பையாகவும் கண்ணீர்ப்பையாகவும் நினைப்பது இதோடு சேர்ந்த தவறு. முகத்தில் ஈ மொய்க்கும் குழந்தையின் படத்தைச் சுவரொட்டியில் போட்டிருந்தோம். "உங்க பிள்ளைன்னா இப்படிப் போடுவீங்களா?" என்று தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்ட பிறகுதான் கிழித்தோம். இந்த ஊர்க்காரர்களுக்குத் தீர்வு என்பது புதிய பாடமும் இல்லை. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்தில் வேலையும் வீடும் ஒன்றாகப் போனபோது, இதே ஊரைச் சேர்ந்த அன்றைய அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. பங்கு கட்டியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை மேடையேற்றி, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். நான்கு பொன்னாடைப் பேச்சுக்கு அது மேல்.

பணம் திரட்டுவதாக இருந்தால், யாருக்குப் போகிறது என்பதை அழைப்பிதழிலேயே எழுதுங்கள். பதிவு பெற்ற அமைப்பாக இருக்கட்டும். வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்றது என்றால் கொடுப்பவருக்கு வரிவிலக்கு ரசீதும் கிடைக்கும். மண்டபத்தைத் தாண்டி வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க 1947ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, போலீஸ் உரிமம் வேண்டும். உண்டியலை அங்கேயே, எல்லார் முன்னாலும் எண்ணுங்கள்.

முதல் காட்சியில் நாங்கள் எண்ணியது வீட்டுக்குப் போன பிறகு. தொகையை வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டோம். வாட்ஸ்அப் இல்லாத பாதி ஊருக்குப் பணம் எங்கே போனது என்றே தெரியவில்லை, பேச்சும் கிளம்பியது. இரண்டாவது காட்சிக்கு மூன்று மாதம் கழித்து, எவ்வளவு சேர்ந்தது, எந்தத் தேதியில் அனுப்பினோம், எதற்குச் செலவானது என்று ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி, ரசீதின் நகலோடு கோயில் பலகையில் ஒட்டினோம். மறுநாள் காலை அந்தப் பாட்டி பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையாட்டி அழைத்தார்.

"மைலோவுக்கு நாப்பது வெள்ளின்னு போட்டிருக்கு. மிச்ச பாக்கெட்டு யாரு வீட்டுல இருக்கு?"