பிபிஎஃப் ஒட்டிய காரில் தண்ணீர்த் திட்டு விழாமல் இருக்க

போர் தண்ணீரில் கார் கழுவுகிறீர்களா? கழுவிய அரை மணி நேரத்தில் பானட் முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டம் தெரியும். அது அழுக்கு இல்லை, தண்ணீர் ஆவியானதும் தங்கிவிடும் கால்சியமும் மெக்னீசியமும்தான். பிபிஎஃப் (பெயின்ட் புரொடெக்ஷன் ஃபிலிம்) என்பது பெயின்டைப் பாதுகாக்கக் காரின் மேல் ஒட்டும் பாலியூரித்தேன் படலம். வெயிலில் சூடாகிக் கிடக்கும்போது இந்த உப்பு அதில் ஏறிப் பிடித்துக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.

அதனால் காலையிலேயே, நிழலில் கழுவுங்கள். பானட்டில் உள்ளங்கையை வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஒரு பகுதிக்கு ஷாம்பு போட்டு அலசிவிட்டு அடுத்ததற்குப் போங்கள், நுரை காயவே கூடாது.

கடைசி அலசல்தான் முக்கியம். ஒரு வாளி ஆர்ஓ தண்ணீரை மேலிருந்து மெதுவாக வழிய விடுங்கள். தெளிக்காமல் வழியவிட்டால் தண்ணீர் போர்வை மாதிரி ஒன்றாக இறங்கிவிடும், துளிகள் அதிகம் நிற்காது. ஆனால் ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை மட்டும் தயவுசெய்து பிடித்து வைத்துக் கார் கழுவாதீர்கள், உப்பு அதில்தான் கூடுதல்.

அப்புறம் அகலமான மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு அப்படியே இழுங்கள், தேய்க்க வேண்டாம். சைடு மிரர் அடியிலும் கதவுக் கைப்பிடியிலும் ஒளிந்திருக்கும் தண்ணீர் பிறகு சொட்டும். இரண்டு நிமிடம் கழித்து அங்கே மறுபடி ஒருமுறை ஒற்றி எடுங்கள்.