மதுரையை நடந்து பார்க்க: மாசி வீதியில் காலை, விளக்குத்தூணில் மாலை

வெளிநாட்டிலிருந்து மதுரைக்கு வரும் நம் சொந்தங்கள் பலரும் கோயில் வாசலில் காரை விட்டு இறங்கி, அம்மனைக் கும்பிட்டு, அதே காரில் ராமேசுவரத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நானும் முதல் இரண்டு தடவை பிள்ளைகளை அப்படித்தான் கூட்டி வந்தேன். மூன்றாவது தடவை கார்க்காரர் வர நேரமாகிவிட்டது. சும்மா நிற்பானேன் என்று மேல மாசி வீதியில் நடக்க ஆரம்பித்தோம். இத்தனைக்கும் நான் பிறந்து வளர்ந்த ஊர் இது. அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்கு ஊர் பிடித்தது.

முதலில் ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். பழைய மதுரை, கோயிலை நடுவில் வைத்துச் சதுரம் சதுரமாகப் போட்ட கோலம் மாதிரி. கோயில் மதிலுக்குள்ளேயே ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி. எல்லாம் திருவிழா நடக்கும் மாதங்களின் பெயர்கள். ஆனால் சித்திரைத் தேர் ஓடுவது சித்திரை வீதியில் இல்லை, மாசி வீதிகளில். மாசியில் நடந்த திருக்கல்யாணத்தையும் தேரோட்டத்தையும் சித்திரைக்கு மாற்றியவர் திருமலை நாயக்கர் என்பார்கள். விழா மாதம் மாறியது, தேர் ஓடும் வீதி மாறவில்லை.

மாசி வீதிக்கு வெளியே மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. கடைசிச் சுற்று வெளி வீதி. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது உருவான தெருக்கள் இவை. அந்த வேலையில் இருந்த அளவையாளர் மாரட். வேலையை மேற்பார்த்தவர் பெருமாள் மேஸ்திரி. கோட்டை போய்விட்டது, இடித்தவர்களின் பெயர் மட்டும் கடை பலகைகளில் இருக்கிறது.

இங்கே பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. முகவரியில் 'மேல' என்றால் மேற்கு, 'கீழ' என்றால் கிழக்கு. மேடு பள்ளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வழி கேட்டாலும் இடது வலது சொல்ல மாட்டார்கள். "அப்டியே கிழக்க போங்கண்ணே, அங்கிட்டுத் தெக்க திரும்புனா விளக்குத்தூணு" என்பார்கள். கைபேசி வரைபடம் சந்துகளுக்குள் குழம்பும். திசை தெரிந்தால் போதும், எந்தப் பக்கம் நடந்தாலும் ஏதாவது ஒரு கோபுரம் தலைகாட்டும்.

காலை ஆறரைக்கு ரயில் நிலையத்துக்கு எதிரே டவுன் ஹால் ரோட்டில் தொடங்குங்கள். கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் மேல மாசி வீதி. கடை திறக்காத நேரம் என்பதால், பிறகு பலகைக்கும் பேனருக்கும் பின்னால் மறைந்துபோகும் பழைய மாடங்களும் மரத்தூண்களும் அப்போதுதான் கண்ணில் படும். 251ஆம் எண் வீட்டு மாடியில்தான், 1921 செப்டம்பர் 22 அன்று, காந்தி வேட்டியும் சட்டையும் தலைப்பாகையும் விட்டு முழங்கால் அளவுத் துண்டுக்கு மாறினார். கீழே கதர்க்கடை. கடை திறந்திருக்கும் நேரத்தில் மாடியைப் பார்க்கக் கேளுங்கள்.

அதே வீதியில் மதனகோபால சுவாமி கோயில். அமெரிக்காவில் இருப்பவர்கள் கட்டாயம் உள்ளே போய்வாருங்கள். இந்தக் கோயில் மண்டபத்தின் தூண்கள் இப்போது பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. 1912இல் மதுரைக்கு வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி, கோயில் வளாகத்தில் குவிந்து கிடந்த கற்களை வாங்கிக் கப்பலேற்றிவிட்டார். பிலடெல்பியாவில் அதைப் பார்த்த என் உறவுப் பையன், மதுரை வந்து கோயிலில் நின்றுகொண்டு, "சித்தப்பா, தூண் எங்க வீட்டுப் பக்கத்துல, சாமி உங்க வீட்டுப் பக்கத்துல" என்றான். பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அங்கிருந்து ஏதாவது ஒரு சந்து வழியாக உள்ளே நுழைந்து மேல ஆவணி மூல வீதியைக் கடந்தால் சித்திரை வீதி. இங்கே வண்டிகள் கிடையாது, கல் பாவிய தரை. குழந்தைகளைக் கையை விட்டு நடக்க விடலாம், மதுரையில் இது பெரிய விஷயம். கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு வந்த கட்டுப்பாடு. வாசலில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். குடும்பமாகப் போகிறவர்கள் எந்தக் கோபுரத்தடியில் மறுபடி சேர்வது என்று முதலிலேயே பேசி வையுங்கள். நான்கு வாசலும் ஒரே மாதிரி தெரியும். நாங்கள் ஒருமுறை ஒருவரையொருவர் தேடி முக்கால் மணி நேரம் சுற்றினோம். பகல் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறக்கும். அந்த வெயிலில் வெறுங்காலோடு கல்தரையில் நிற்பது ஆகாத காரியம். அறைக்குப் போய்த் தூங்குங்கள்.

மாலை நடை கிழக்கே. கீழ கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம். என் சிறுவயதில் சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் மெஷின்கள் கடகடத்துக்கொண்டிருக்கும். பாவாடைத் துணியை ஒரு தூணில் வாங்கி, அடுத்த தூணில் தைக்கக் கொடுத்து, சாமி கும்பிட்டு வருவதற்குள் வாங்கிக்கொள்ளலாம். பாத்திரக்கடை, புத்தகக்கடை, வளையல் கடை எல்லாம் அங்கேதான். சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடைகளை அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்களுக்கு நல்லதுதான், எனக்கென்னவோ அந்தச் சத்தம் இல்லாத மண்டபம் வெறிச்சென்று இருக்கிறது.

அதற்கும் கிழக்கே, முடிவுபெறாமல் அடித்தளத்தோடு நின்றுபோன ராயகோபுரம். நிலைக்கால்களை அண்ணாந்து பார்த்தால் கட்டி முடித்திருந்தால் எவ்வளவு உயரம் போயிருக்கும் என்று ஊகிக்கலாம். ஒட்டியே எழுகடல் தெரு. மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை கடலாட ஆசைப்பட்டபோது சிவன் ஏழு கடலையும் இங்கே வரவழைத்தார் என்பது புராணம். இப்போது கடலும் இல்லை, பின்னால் வந்த தெப்பக்குளமும் இல்லை, கடைகள்தான்.

அங்கிருந்து தெற்கே இறங்கினால், கீழ மாசியும் தெற்கு மாசியும் சேரும் மூலையில் விளக்குத்தூண். பிளாக்பர்னுக்கு ஊர் மக்கள் வைத்த நினைவுச் சின்னம். சுற்றிலும் ஜவுளி. சுங்குடிச் சேலை இந்தப் பக்கத்தில் பாருங்கள். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சேலையை மடிப்பு நீக்காமல் காட்டச் சொன்னால், புள்ளிகள் குட்டிக் கூம்புகளாகச் சுருங்கி நிற்கும், விரலால் தடவினால் தட்டுப்படும். அச்சில் போட்ட புள்ளி வழுவழுவென்று இருக்கும், விலையும் குறைவு. சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறையாகச் செய்துவரும் வேலை அது.

பக்கத்திலேயே பத்துத்தூண் சந்து. நாயக்கர் அரண்மனையில் இடிபடாமல் தப்பிய பத்துத் தூண்கள், துணிக்கடைகளுக்கு நடுவே, யாரும் அண்ணாந்து பார்க்காமல் நிற்கின்றன. கடைசியாக நான் போனபோது சுமை தூக்கும் அண்ணன் ஒருவர் ஒரு தூணில் முதுகைச் சாய்த்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். பேல் கட்டுகள் இன்னொரு தூணைச் சுற்றி இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. இதைப் பார்த்துவிட்டு 1636இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனால், மிஞ்சியிருப்பது மொத்த அரண்மனையில் ஒரு துண்டுதான் என்பது உறைக்கும். மகாலைப் பார்ப்பதானால் ஐந்து மணிக்கு முன் போய்விடுங்கள். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி விளக்குத்தூணுக்கு வருவதுகூட நல்ல வழிதான்.

கைக்காசு விஷயம். பூக்காரம்மா முதல் தள்ளுவண்டி வரை எல்லாரிடமும் க்யூஆர் அட்டை இருக்கிறது, ஆனால் உங்கள் வெளிநாட்டு அட்டை அங்கே செல்லாது. பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மல்லிகை முழக்கணக்கு, முழம் என்பது அந்த அம்மாவின் முழங்கை. "அக்கா, நல்லா நீட்டி அளங்க" என்று சொன்னால் சிரித்துக்கொண்டே நாலு விரல் கூட்டித் தருவார். ஆட்டோவில் ஏறும்முன் கட்டணம் பேசிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மொத்த வியாபாரத் தெருக்கள் பாதி அடைத்திருக்கும். சித்திரைத் திருவிழா நாட்களில் வருவதானால் அறையைப் பல வாரம் முன்பே பிடித்துவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் இந்த நடையெல்லாம் நடக்காது.

நடைபாதையை நம்பாதீர்கள், அதில் பைக் நிற்கும். சாலையோரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள்.

இருட்டிய பிறகு கீழ மாரட் வீதிப் பக்கம் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், கடற்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். பெரிய டம்ளர் வேண்டாம், சின்னது வாங்குங்கள், ஏனென்றால் அடுத்து பருத்திப்பால் இருக்கிறது. வெல்லமும் சுக்கும் போட்டுச் சூடாகத் தள்ளுவண்டியில் தருவார்கள். யாழ்ப்பாணத்தவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே கொத்து பரோட்டா கேட்டால் உங்கள் கொத்து ரொட்டி வராது. தோசைக்கல்லில் சத்தம் ஒன்றுதான், ருசி வேறு. சால்னாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இலை நிறைய ஊற்றிவிட்டுத்தான் போவார்கள்.