கடைத்தெருப் பெரியவருக்கு நினைவேந்தல் செய்யப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்

ஊரில் நாற்பது ஐம்பது வருஷம் கடை நடத்தி, வணிகர் சங்கம், கோயில் திருப்பணி, பள்ளிக்கூடக் கமிட்டி என்று எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்த ஒருவர் இறந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். அன்று சாயங்காலத்துக்குள் சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், மறுநாள் அரைநாள் கடையடைப்பு, பதினாறாம் நாள் காரியத்தோடு ஒரு படத்திறப்பு. அப்புறம் ஒன்றும் இல்லை. இரண்டு வருஷம் கழித்து, புதிதாகக் கடை போட்ட பையனிடம் அவரைப் பற்றிக் கேட்டால் "பெரிய மனுஷர், நல்லவர்" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

எங்கள் ஊரில் அரிசி மண்டி வைத்திருந்த அண்ணாச்சி இறந்தபோது அந்த வேலைகளில் நானும் இருந்தேன். சிலவற்றைச் சரியாகச் செய்தோம், சிலவற்றில் கோட்டைவிட்டோம். இரண்டையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் வீட்டுக்குப் போங்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, தலைவர்களிடம் தேதி வாங்கிவிட்டு, கடைசியில் அவர் மனைவியிடம் போய் "அக்கா, இந்தத் தேதியில் வைத்திருக்கிறோம்" என்று சொல்வது பெரிய தப்பு. காரியம் முடியும் வரை வீட்டில் யாருக்கும் எதையும் யோசிக்கத் தெம்பு இருக்காது, அதனால் அது முடிந்து ஒரு வாரம் கழித்துப் போய் உட்கார்ந்து, அவர்களுக்கு என்ன வேண்டும், எது வேண்டாம் என்று கேளுங்கள். இறந்தவர் இஸ்லாமியர் என்றால் படத்துக்கு மாலை போடுவதையே பல குடும்பங்கள் விரும்புவதில்லை, கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஆலயத்தில் நினைவுத் திருப்பலி இருக்கும் நாளோடு உங்கள் கூட்டம் மோதக்கூடாது. நீங்களாக முடிவு செய்யாதீர்கள், கேட்டுவிடுங்கள்.

அடுத்ததுதான் முக்கியமான வேலை, எல்லோரும் விட்டுவிடுவதும் இதைத்தான். அவரைப் பற்றிய செய்திகளைச் சேகரியுங்கள். உடனே தொடங்குங்கள், ஏனென்றால் அவரோடு தொழில் தொடங்கியவர்களுக்கும் அவர் வயதுதான் இருக்கும். வீட்டில் கிடைப்பதைவிடக் கடைத்தெருவில் அதிகம் கிடைக்கும். மூட்டை தூக்கியவர், கணக்குப்பிள்ளை, லாரி புக்கிங் ஆபீஸ்காரர், எதிர்க்கடைப் போட்டிக்காரர், பள்ளியின் பழைய தலைமையாசிரியர், இவர்களிடம் போனில் ரெக்கார்டரைப் போட்டு (கேட்டுவிட்டுத்தான்) பேச விடுங்கள். "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷர்" என்றுதான் பதில் வரும். "அவரை முதன்முதலில் எங்கே பார்த்தீர்கள்? எதற்குக் கோபப்படுவார்? உங்களுக்காக என்றைக்காவது எங்கேயாவது வந்து நின்றாரா?" என்று கேளுங்கள். அப்போதுதான் விஷயம் வரும்.

அண்ணாச்சியின் கணக்குப்பிள்ளை எங்களுக்கு ஒரு நோட்டைக் காட்டினார். சிவப்புத் துணி அட்டை, மேலே பிள்ளையார் சுழி. கடைப் பேரேட்டிலிருந்து தனியாக வைத்திருந்த நோட்டு அது. வரவுப் பக்கத்தில் தினமும் வியாபாரத்திலிருந்து தர்மத்துக்கென்று எடுத்துவைத்த மகமைப் பணம், செலவுப் பக்கத்தில் ஜூன் மாதம் வந்தால் வரிசையாகப் "ப.கட்டணம்", அதாவது பள்ளிக் கட்டணம், என்று பென்சிலில் எழுதிய வரிகள். பிள்ளைகளின் பெயர் இல்லை, இனிஷியலும் வகுப்பும் மட்டும். யாருக்குக் கட்டினார் என்பது வீட்டுக்கே தெரியாது. பத்துப் பேர் மேடையேறிச் சொல்லியிருக்க முடியாததை அந்தப் பக்கம் சொல்லிவிட்டது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உதவி பெற்றவர்களின் பெயரை நீங்கள் கண்டுபிடித்தாலும் வெளியே சொல்லாதீர்கள். அவரே பென்சிலில் இனிஷியல் போட்டு மறைத்ததை நாம் மைக்கில் போட்டு உடைக்கக்கூடாது. யாராவது தாமாக வந்து சொன்னால் அது வேறு.

சேகரித்ததை வைத்து ஒரு நினைவு மலர் போடுங்கள். 32 பக்கம் போதும். அச்சகத்தில் 16 பக்கக் கணக்கில்தான் பாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சிடும் பக்கங்கள்) ஓட்டுவார்கள் என்பதால் 32 அல்லது 48 என்று திட்டமிட்டால் தாள் வீணாகாது. பிரமுகர்களின் வாழ்த்துச் செய்தி போல் இருக்கும் இரங்கல் கடிதங்களால் பாதி மலரை நிரப்பாதீர்கள், அதை யாரும் படிப்பதில்லை. கடை எந்த வருஷம் தொடங்கியது, எப்போது இப்போதைய இடத்துக்கு வந்தது, சங்கத்தில் எந்த ஆண்டு பொறுப்பேற்றார் என்பதையெல்லாம் பழைய லைசென்ஸ், ரசீது, சங்கத்தின் மினிட்ஸ் புத்தகம் வைத்துச் சரிபாருங்கள். ஞாபகத்தை நம்பினால் வருஷம் மாறும். அடைமொழி குறைவாக இருக்கட்டும். காரைக்குடி அழகப்பச் செட்டியாரைக் "கொடைவள்ளல்" என்று மட்டும் சொன்னால் காதில் விழுந்து போய்விடும். மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார் என்று சொன்னால் ஆள் கண்முன் நிற்கிறார். உங்கள் ஊர்க்காரருக்கு அது ஒரு தண்ணீர்த் தொட்டியாக இருக்கலாம், பள்ளிக்கூடத்துக்கு 12 பெஞ்சாக இருக்கலாம். அளவைச் சொல்லுங்கள்.

கூட்டம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. நாங்கள் கோட்டைவிட்டது இங்கேதான். 14 பேரைப் பேச வைத்தோம். கடைசியில் அவர் மகள் மைக்கைப் பிடித்தபோது பாதி நாற்காலி காலி, பின்னால் பந்தியில் இலை போட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை இரண்டு வரி பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். இன்னமும் எனக்கு அது மனசில் உறுத்துகிறது. ஐந்து பேர் போதும், குடும்பத்தார் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ பேசட்டும். படத்தைத் திறக்க அமைச்சரைத் தேடி அலைய வேண்டாம். அவரிடம் முப்பது வருஷம் மூட்டை தூக்கியவரைக் கூப்பிடுங்கள், அதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. சாலையை மறித்து பிளக்ஸ் வைக்காதீர்கள். 2019ல் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஸ்கூட்டரில் போன இளம்பெண் உயிர் போனதை மறக்கக்கூடாது. ஊருக்கு உழைத்தவர் பெயரில் ஊருக்கு ஆபத்து வரலாமா?

சரி, நிலையாக என்ன செய்வது? பாதிப் பேர் சிலை என்பார்கள். பொதுச்சாலையில் சிலைக்கு அனுமதி தரக்கூடாது என்று 2013லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. சொந்த இடத்தில் வைத்தாலும் யார் துடைப்பார்கள் என்று யோசியுங்கள். தெருவுக்குப் பெயர் வைப்பது நல்லதுதான், உள்ளாட்சித் தீர்மானத்திலிருந்து தொடங்கி அலைய வேண்டும். என்னைக் கேட்டால் வருஷா வருஷம் ஒருமுறை யார் கைக்காவது போய்ச் சேரும் ஒன்றைச் செய்யுங்கள். கோவை பீளமேட்டில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் 1926ல் சொத்தை ஐந்தாகப் பிரித்து ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு வைத்தார்கள். பி.எஸ்.ஜி. நிறுவனங்கள் அதிலிருந்து வளர்ந்தவைதான். நம்மால் முடிந்த அளவில் இதையே செய்யலாம். ஒரு லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, ஏழு சதவீத வட்டி என்று வைத்தால் வருஷத்துக்கு 7000 ரூபாய். இரண்டு பிள்ளைகளின் நோட்டு, சீருடை, தேர்வுக் கட்டணத்துக்கு ஆகும்.

பெரிய தொகை சேர்ந்தால் அறக்கட்டளைப் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, பான் கார்டு, வங்கிக் கணக்கு, வருமான வரித்துறையில் அறக்கட்டளைக்கு வரிவிலக்கு தரும் பதிவும், நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் பதிவும் (12ஏ, 80ஜி என்று சொல்லி வந்தவை) வாங்குங்கள். இரண்டாவது இருந்தால் கொடுப்பவர்களுக்கு வரிச்சலுகை கிடைக்கலாம். சின்னத் தொகை என்றால் இதெல்லாம் வேண்டாம். ஏற்கெனவே நடக்கும் பள்ளியிடமோ சங்கத்திடமோ வைப்பாகக் கொடுத்து, வட்டி எதற்கு, யார் தேர்வு செய்வது, எந்தத் தேதியில் கொடுப்பது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முக்கியமாக, இப்போது கையெழுத்துப் போடுபவர்களுக்குப் பிறகு யார் என்பதையும் எழுதுங்கள். பச்சையப்ப முதலியார் உயிலே எழுதி வைத்தார். 1794ல் இறந்தார். பணம் வழக்கிலும் தகராறிலும் சிக்கி, அவர் பெயரில் பள்ளி தொடங்கியது 1842ல். வாய்ப்பேச்சாக விட்டால் நம் ஒரு லட்சம் என்ன ஆகும்?

முதலாண்டு நினைவு நாளில் பெரிய கூட்டம் வேண்டாம். பரிசு வாங்கும் பிள்ளைகளை அவர் கடைக்கே வரச்சொல்லி, அவர் உட்கார்ந்த கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். அன்றைக்கு அவர் வீட்டாருக்குக் கொடுக்க, சேகரித்த குரல் பதிவுகளை ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துப்போங்கள், இன்னொரு நகல் சங்க ஆபீஸ் பீரோவில் இருக்கட்டும். நாங்கள் கொடுத்த பென் டிரைவை அண்ணாச்சியின் மகள் அன்று ராத்திரியே போட்டுக் கேட்டிருக்கிறாள். காலையில் போன் பண்ணி, "அப்பா மூட்டையை ஊசி குத்திப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார் என்று ஒருத்தர் சொல்கிறாரே, அவர் யார் மாமா?" என்று கேட்டாள். அவளை அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.