கடல்நீர்த் தொட்டிக்கு நத்தையா, துறவி நண்டா? தெரிவு செய்யும்போது நேரும் தவறுகள்

திருகோணமலையின் உப்புவெளிக் கரையில் பொழுது சாயும் நேரம் நடந்தால், காய்ந்த பாசிக்கும் தென்னம் மட்டைக்கும் நடுவே சின்னச் சின்னச் சங்குகள் ஊர்ந்து போவதைப் பார்க்கலாம். உள்ளே இருப்பது துறவி நண்டு. வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவருக்கு, பாசியையும் மீந்த தீனியையும் தின்று சுத்தம் செய்யும் என்ற ஆசையில், அதைக் கண்டதும் கை நீளும். நான் முதல் தொட்டி வைத்த வருடம் ஆறு நண்டுகளைப் பிடித்து வந்து தண்ணீருக்குள் விட்டேன். சில நாட்களில் ஆறும் செத்துப்போயின. சாப்பாடு இருந்தது, தண்ணீரும் நன்றாகத்தான் இருந்தது. அவை மூச்சுமுட்டிச் செத்தன. கரையில் திரிபவை தரைத் துறவி நண்டுகள். சங்குக்குள் கொஞ்சம் நீரைத் தேக்கி, செவுளை ஈரமாக வைத்துக்கொண்டு காற்றில் மூச்சு வாங்குபவை. முழுக்க அமிழ்த்தி வைத்தால் தாங்காது. அந்த ஆறு உயிரும் தேவையில்லாமல் போனது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்: தொட்டிக்குக் கடலுக்குள்ளேயே வாழும் இனம்தான் வேண்டும்.

அப்படியானால் கடலில் இறங்கி நாமே பொறுக்கலாமா? பெயர் தெரியாத எதையும் எடுக்காதீர்கள். நம் பக்கத்து வெப்பக் கடலில் கூம்புச் சங்குகள் உண்டு. ஓட்டில் வலை பின்னியதுபோல் கோலம் போட்டு அழகாக இருக்கும், ஈட்டிபோன்ற பல்லால் நஞ்சு செலுத்தும். சில இனங்கள் மனிதரையே கொன்றிருக்கின்றன, அதற்கு மாற்று மருந்தும் இல்லை. கையளவு வளரும் பெரிய துறவி நண்டுகளும் வேண்டாம். தொட்டியில் நத்தை மிஞ்சாது, தூங்கும் மீனுக்கும் ஆபத்து. நிலாவெளிக்கு எதிரே உள்ள சிறு தீவான புறாமலையைச் சுற்றிய கடல் 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து உயிருள்ள எதையும் எடுப்பது சட்டப்படி குற்றம்.

இனி முக்கியமான விஷயம். ‘தொட்டி சுத்தம் செய்யும் நத்தை’ என்று கேட்டு வாங்குவதுதான் பெரும்பாலான தோல்விகளின் தொடக்கம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாய், தனித்தனி சாப்பாடு. கண்ணாடியிலும் கல்லிலும் படரும் மெல்லிய பச்சைப் படலத்தைச் சுரண்டித் தின்பவை டர்போ, ட்ரோக்கஸ், அஸ்ட்ரியா என்ற நத்தைகள். நஸாரியஸ் நத்தை பாசியை ஏறெடுத்தும் பாராது. மணலுக்குள் புதைந்து கிடந்து, மீன் விட்ட உணவின் வாசனை பட்டதும் குபீரென்று எழும்பி வரும். பாசிக்காக அதை வாங்கியவர் ஏமாந்துபோவார், மீந்த இறால் துண்டுக்காக வாங்கியவர் சந்தோஷப்படுவார். செரித் நத்தை மணலையும் கிளறும், படலத்தையும் தின்னும். முதன்முதலில் வாங்குபவருக்கு நான் சொல்வது அதைத்தான். நெரைட் பாசியை நன்றாகத் தின்னும், ஆனால் நீர்மட்டத்துக்கு மேலே ஏறி வெளியே விழும். மூடி இல்லாத தொட்டிக்கு ஆகாது.

சிவப்புக் கம்பளம்போல மணலில் விரியும் வழுவழுப்பான படிவை எந்த நத்தையும் தீர்த்துத் தராது. அது சயனோபாக்டீரியா, பாசிபோலத் தெரியும் நுண்ணுயிர். அதற்குத் தீனியைக் குறைக்க வேண்டும், நீரோட்டத்தைக் கூட்ட வேண்டும், நீர் மாற்ற வேண்டும். நத்தை பாசியைத் தின்றாலும் தின்றதில் பெரும்பகுதியைக் கழிவாக அதே நீருக்குள்தான் விடுகிறது. கழிவிலிருந்து சேர்ந்து பாசிக்கு உரமாகும் நைட்ரேட்டையும் பொஸ்பேட்டையும் நீர் மாற்றி வெளியே எடுப்பது நம் வாளியின் வேலை.

துறவி நண்டை வாங்கும் முன் ஒன்றை யோசியுங்கள். அதன் வயிறு மெத்தென்றது, கவசம் இல்லாதது. வளர வளரப் பெரிய ஓடு தேடும். காலி ஓடு கிடைக்காவிட்டால் உயிருள்ள நத்தையைக் கொன்று அதன் வீட்டில் குடியேறும். நீலக்கால், செங்கால் என்று விற்கப்படும் சிறிய இனங்களும் இதைச் செய்யும், செங்கால் கொஞ்சம் சாது. ஒரு நண்டுக்கு இரண்டு மூன்று காலிச் சங்குகள், அதன் ஓட்டைவிடச் சற்றுப் பெரிய வாயுள்ளவை, தொட்டியில் எப்போதும் கிடக்கட்டும். கொதிநீரில் போட்டு எடுத்த பிறகே உள்ளே இடுங்கள். என்னைக் கேட்டால், நத்தையை முதலில் விட்டு இரண்டு மாதம் பாருங்கள், நண்டைப் பிறகு யோசிக்கலாம்.

வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் வீட்டுத் தொட்டி 30 பாகையை எளிதில் தாண்டும். மெக்சிகோ டர்போ, மார்கரிட்டா என்ற பெயர்களில் வருபவை குளிர்ந்த நீருக்கு உரியவை. இங்கே சில வாரங்களில் சோர்ந்து செத்துவிடும், கடையில் எவ்வளவு துடிப்பாக இருந்தாலும் சரி. ட்ரோக்கஸ், செரித், நெரைட் ஆகியவற்றில் வெப்பக் கடல் இனங்கள் நம் சூட்டைத் தாங்கும். அஸ்ட்ரியா மல்லாக்க விழுந்தால் பெரும்பாலும் தானாகத் திரும்பாது, அப்படியே கிடந்து சாகும். ட்ரோக்கஸ் புரண்டு எழும்பிவிடும், அதனால் எனக்கு அதன்மேல்தான் விருப்பம்.

எத்தனை விடுவது? கடைக்காரர் சொல்லும் எண்ணிக்கையில் பாதியில் தொடங்குங்கள். 200 லீற்றர் தொட்டிக்கு ஐந்தாறு நத்தை முதலில் போதும். பாசி தீர்ந்ததும் கூட்டம் பட்டினி கிடந்து சாகும், செத்த ஒரு பெரிய நத்தை சின்னத் தொட்டியின் அமோனியாவை, மீனுக்கு நஞ்சான அதை, ஒரே இரவில் ஏற்றிவிடும். அசையாமல் கிடப்பதை எடுத்து முகர்ந்து பாருங்கள், நாற்றம் அடித்தால் உடனே வெளியே.

உப்பளவு மாறினால் மீனைவிட நத்தைக்கு அதிகம் வலிக்கும். உப்புமானியில் ஒப்படர்த்தி 1.025 அளவிலேயே வையுங்கள், வாங்கி வந்ததும் தொட்டி நீரைத் துளித்துளியாகச் சேர்த்து ஒன்றரை மணி நேரம் பழக்குங்கள். கடல்நீரையே மொண்டு வருபவர்கள் வடகீழ்ப் பருவ மழைக்காலத்தில் அளக்காமல் ஊற்ற வேண்டாம். மகாவலி வந்து விழும் கொட்டியாரக்குடாப் பக்கம் அப்போது நீர் இளகிப்போயிருக்கும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் செம்பு கலந்த மருந்தை இந்தத் தொட்டிக்குள் விடவே கூடாது, நத்தையும் நண்டும் அதில் தப்பாது. மீனை வேறு தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுங்கள்.

நண்டு வளர்ப்பவருக்கு இன்னொன்று. ஒரு நாள் காலையில் கால், கொடுக்கு, கண் எல்லாம் சேர்ந்த முழு உருவம் மணலில் கிடக்கும். செத்துவிட்டது என்று எடுத்தெறியாதீர்கள். உள்ளே வெறுமையாக இருந்தால் அது கழற்றிய தோல். நண்டு எங்கோ கல்லிடுக்கில் புதுத் தோல் இறுகும்வரை ஒளிந்திருக்கும். அந்த நாட்களில் கல்லை நகர்த்தாமல் விட்டால், தானாக வெளியே வரும்.