கத்தரியை எடுக்கும் முன் ஒரு சுற்று: டொராண்டோவில் வசந்தகாலக் கவ்வாத்து

ஊரில் முருங்கையை இடுப்பளவில் வெட்டிப் போட்டாலும் சடசடவென்று துளிர்த்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் டொராண்டோவில் வீடு வாங்கிய முதல் ஏப்ரலில், வேலியோரத்து லைலாக் செடியை ஒரே மட்டமாக நறுக்கினேன். செடி பிழைத்துக்கொண்டது. ஆனால் மே மாதம் தெருவெல்லாம் லைலாக் மணக்க, எங்கள் வீட்டில் மட்டும் வெறும் இலை. இந்த வருடப் பூவுக்கான மொட்டைப் போன கோடையிலேயே கட்டி வைத்துவிடும் செடி அது. நான் வெட்டி எறிந்தது அத்தனையும் பூ.

அதனால் முதல் வேலை பார்ப்பது மட்டும். மார்ச் கடைசியில் பனி கரைந்ததும் வெறுங்கையோடு தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். பனிப் பாரத்தில் முறிந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை எதைக் கண்டாலும் ஒரு கம்பளி நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள். அடித்தண்டையும் குனிந்து பாருங்கள். குளிர்காலத்தில் முயல்கள் பட்டையைக் கறம்பியிருக்கும். சுற்றிவரக் கறம்பியிருந்தால் அதற்கு மேலே உள்ளது பிழைக்காது.

சந்தேகமான கிளையில் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் போய்விட்டது. ரோஸ் ஆஃப் ஷாரன் விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். நம் செம்பருத்தியின் சொந்தக்காரச் செடி அது; மே கடைசி வரைகூடத் துளிர்க்காமல் நிற்கும். செத்துவிட்டதென்று பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு.

அடுத்து, எந்தச் செடி எப்போது பூக்கும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். லைலாக், ஃபோர்சித்தியா மாதிரி வசந்தத்தில் பூப்பவை பழைய கிளையில் பூக்கும். அவற்றைப் பூ முடிந்த பிறகுதான் வெட்ட வேண்டும். ரோஸ் ஆஃப் ஷாரன் போலக் கோடையில் புதுத் தளிரில் பூப்பவற்றை இப்போதே வெட்டலாம். ரோஜாவுக்கு நாள் பார்க்க வேண்டாம்: தெருவில் ஃபோர்சித்தியா மஞ்சளாகப் பூத்தால் ரோஜாவை வெட்டும் நேரம். குழப்புவது ஹைட்ரேஞ்சியாதான். கூம்புக் கொத்தாகப் பூப்பதையும் அன்னபெல் என்ற வெள்ளை வகையையும் வசந்தத்தில் வெட்டலாம். நீலமோ இளஞ்சிவப்போ பெரிய உருண்டைக் கொத்தாகப் பூக்கும் வகையில் காய்ந்த குச்சியைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். எது என்று தெரியாவிட்டால் ஒரு வருடம் சும்மா விட்டுப் பாருங்கள்.

இனி வெட்டு. இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிச் செல்லும் கத்தரி வாங்குங்கள். அழுத்தி நசுக்கும் வகை பச்சைக் கிளைக்கு ஆகாது. ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். முதலில் செத்தது, நோய் பிடித்தது, முறிந்தது. அப்புறம் உரசும் கிளைகளில் ஒன்று. சிறு கிளையை, வெளிப்பக்கம் பார்க்கும் மொட்டுக்குச் சற்று மேலே வெட்டுங்கள்.

பெரிய கிளையை ஒரே அறுப்பில் எடுத்தால் பாரத்தில் சாய்ந்து, தாய்மரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, அடிப்புறத்தில் கால்வாசி அறுங்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழவிடுங்கள். மிச்சமிருக்கும் கட்டையைக் கடைசியாக எடுங்கள். அதைத் தண்டோடு ஒட்ட அறுக்காமல், கிளை பிறக்கும் இடத்தில் புடைத்திருக்கும் வளையத்துக்கு வெளியே அறுக்க வேண்டும். காயத்தை மூடி வளர்வது அந்த வளையம்தான். பெயின்ட், தார் எதுவும் பூச வேண்டியதில்லை.

மேப்பிள் மரத்தில் வெட்டினால் நீர் சொட்டும்; பயப்படாதீர்கள். ஓக் மரத்தை மட்டும் வசந்தத்திலும் கோடையிலும் தொடாதீர்கள். ஓக் வாடல் நோய் 2023-இல் ஒன்டாரியோவில் உறுதியானது. அதைப் பரப்பும் வண்டுகள் புது வெட்டுக்காயத்தைத் தேடி வரும். ஏணி தேவைப்படும் கிளை, மின்கம்பிக்கு அருகிலுள்ள கிளை இரண்டையும் ஆள் வைத்துச் செய்யுங்கள். டொராண்டோவில் 1.4 மீட்டர் உயரத்தில் 30 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ விட்டமுள்ள மரத்தை அகற்ற நகராட்சி அனுமதியும் வேண்டும்.

என் லைலாக்கை இப்போது ஜூனில், பூ வாடிய கையோடு வெட்டுகிறேன். ஆகப் பழைய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கைத் தரையோடு எடுத்துவிட்டு, மிச்சத்தை அடுத்த இரண்டு வருடங்களுக்கு விட்டுவைக்கிறேன்.