கால்வாய்ப் படகை எங்கே கட்டுவது? இடம் பார்க்கும்போது செய்யும் தவறுகள்

இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓட்டுவதற்காக நேரோபோட் என்னும் ஒடுங்கிய நீளப் படகு வாங்குபவர்கள் படகைத் துருவித் துருவிப் பார்ப்பார்கள். அடித்தகட்டின் கனம் என்ன, இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, விறகடுப்பு எப்போது மாட்டியது என்று ஆயிரம் கேள்வி. ஆனால் அதைக் கட்டிவைக்க ஒரு மூரிங் தேடும்போது மூன்றே கேள்விதான்: வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், வாடகை எவ்வளவு, பக்கத்தில் பப் இருக்கிறதா. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டு நாள் விடுமுறையில் படகு எங்கே போய்த் திரும்ப முடியும் என்பது நாலாவது கேள்வி. அதை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

தூரத்தை மைலில் கணக்கிடுவதுதான் பெரிய தவறு. கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல். கரையில் கட்டிய படகுகளைக் கடக்கும்போது இன்ஜினைத் தணித்து ஊர்ந்துதான் போக வேண்டும். ஆக, உண்மையில் கிடைப்பது 3 மைல். போதாததற்கு வழியில் லாக்குகள். கதவை மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும் தொட்டிகள் இவை. ஒவ்வொன்றுக்கும் இறங்கி, லாக் சாவியைச் சுழற்றி, கதவைத் தள்ளி, திரும்ப மூடி ஏறுவதற்குள் கால் மணி, இருபது நிமிஷம் ஓடிவிடும். படகுக்காரர்கள் கணக்கை எளிதாக்கிவிட்டார்கள்: மைலையும் லாக்கையும் கூட்டு, மூன்றால் வகு, மணி நேரம் வந்துவிடும். 6 மைல், 9 லாக் என்றால் 15. அதாவது 5 மணி நேரம்.

இதை வார இறுதியோடு பொருத்திப் பாருங்கள். சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கிளம்பினால் பிற்பகல் 3 மணிக்கு நிறுத்துகிறீர்கள். ஞாயிறு அதே வழியில், அதே 5 மணி நேரம் திரும்ப வேண்டும். பிறகு பாத்திரம் கழுவி, குப்பை கொட்டி, காரில் வீடு சேர இரவாகிவிடும். ஆக உங்கள் உலகம் ஒரு பக்கத்துக்கு 15 மைல்-லாக். பார்க்கும் ஒவ்வொரு மூரிங்கிலிருந்தும் எல்லாத் திசையிலும் இந்த 15-ஐ எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வாடகை பேச வேண்டும்.

வாரிக் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டை, கடைகள், ரயில், நெடுஞ்சாலை எல்லாம் பக்கத்தில். ஆனால் கிராண்ட் யூனியன் கால்வாயில் மேற்கே போனால் ஹாட்டன் படிவரிசை: இரண்டு மைலுக்குள் 21 லாக். சனிக்கிழமையின் பெரும்பகுதி ஏறவே போய்விடும். மேலே தூங்கி எழுந்து, ஞாயிறு அதே 21-ஐ இறங்க வேண்டும். கிழக்கே லெமிங்டன் தாண்டிச் சற்றுத் தூரத்தில் மறுபடி லாக்குகள் ஆரம்பித்துவிடும். பிள்ளைகளுக்கு முதல் தடவை கொண்டாட்டம். நாலாவது தடவை கதவைத் தள்ள நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள்.

இதற்கு நேர்மாறு கோவென்ட்ரிக்கு வடக்கே இருக்கும் ஹாக்ஸ்பரி சந்திப்பு. கோவென்ட்ரி கால்வாயும் ஆக்ஸ்போர்ட் கால்வாயும் கூடும் இடம். பெயருக்கு ஒரு குட்டி லாக். அதைவிட்டால் ஒரு பக்கம் ரக்பி அருகே ஹில்மார்ட்டன் வரை, இன்னொரு பக்கம் ஆதர்ஸ்டன் வரை லாக்கே கிடையாது. வழியில் மார்ஸ்டனில் திரும்பினால் ஆஷ்பி கால்வாய், 22 மைல் ஒரே மட்டத்தில் வயல்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். கோவென்ட்ரி நகர மையத்துக்கும் போகலாம். ஒரு சந்திப்புக்கு அருகே இடம் கிடைத்தால் நாலு வாரத்துக்கு நாலு வழி. முட்டுச்சந்தில் கட்டினால் அதே பாலம், அதே வாத்து. லாக் இல்லாத தண்ணீர் சலிப்பு என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் அநேகமாக ஓய்வு பெற்றவர்கள், வாரம் முழுக்க நேரம் உள்ளவர்கள்.

அப்புறம், திரும்புவது. நேரோபோட்டின் அகலம் 7 அடிக்குள். நீளமோ 60, 70 அடி. கால்வாயே சில இடங்களில் 30 அடிதான். நினைத்த இடத்தில் வளைத்துத் திருப்ப முடியாது. அதற்கென்று கரையைக் குடைந்து அகலப்படுத்திய இடங்கள் உண்டு, விண்டிங் ஹோல் என்று பெயர். (வைண்டிங் என்று சொன்னால் பழைய படகுக்காரர்கள் சிரிப்பார்கள். காற்று என்று பொருள்படும் 'விண்ட்' போலத்தான் உச்சரிக்க வேண்டும்.) எவ்வளவு நீளப் படகு அங்கே திரும்பும் என்பதைக் கால்வாய் வரைபடங்கள் சொல்லும். அதையும் அப்படியே நம்பக் கூடாது. 60 அடிப் படகை ஒரு ஞாயிறு காலை அப்படி ஒரு குடைவில் திருப்பப் போனேன். மூக்கு சேற்றில் செருகிக்கொண்டது. பின்பக்கம் எதிர்க்கரை நாணலில். இன்ஜினைப் பின்னால் முறுக்கினால் கருப்புத் தண்ணீர் கொதிக்கிறது, படகு நகரவில்லை. நீளக் கழியை ஊன்றித் தள்ளித் தள்ளி முக்கால் மணி நேரம். இரண்டு பக்கமும் மூன்று படகுகள் காத்துக்கொண்டிருந்தன. ஒருவர் டீ போட்டுக் குடித்து முடித்துவிட்டார். அங்கே திரும்ப முடியாமல் போயிருந்தால் அடுத்த இடம் இன்னும் மூன்று மைல், ஐந்து லாக். திங்கட்கிழமை அலுவலகம் போயிருக்க முடியாது.

படகின் நீளம் இன்னொரு விதத்திலும் காலை வாரும். லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயில் விகனுக்குக் கிழக்கே லாக்குகளின் நீளம் 62 அடி அளவுதான். 70 அடிப் படகை அந்தப் பக்கம் கட்டினால் பாதி வரைபடம் உங்களுக்கு இல்லை. முன்பே படகு வாங்கியாயிற்று என்றால், நீளத்துக்கு ஏற்ற ஊரைத் தேடுங்கள்.

ஆற்று மூரிங்கின் அழகில் மயங்குவது அடுத்தது. மே மாதம் போய்ப் பார்த்தால் வில்லோ மரம், அன்னம், அகன்ற தண்ணீர். மழை கொட்டினால் அதே ஆறு வேறு. தேம்ஸில் நீரோட்டம் கூடினால் லாக்குகளில் சிவப்புப் பலகை தொங்கும். கிளம்பாதே என்று அர்த்தம். லெஸ்டர் பக்கத்து சோர் ஆறும் வெள்ளத்துக்குப் பேர்போனது. வாரம் முழுக்க வெயில், வெள்ளி இரவு மழை என்றால் உங்கள் சனி போச்சு. கால்வாய்க்கும் தன் பங்குக்குத் தொல்லை உண்டு. கால்வாய்களைப் பராமரிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் பெரிய பழுதுவேலைகளைக் குளிர்காலத்துக்கு ஒதுக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை ஏதாவது ஒரு லாக் அடைத்திருக்கும். கோடை வறண்டால் தண்ணீர் பற்றாமல் மூடுவார்கள். 2022-லும் 2025-லும் லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயில் நீண்ட பகுதிகள் மூடப்பட்டன. வெளியேற ஒரே வழி, அதில் ஒரு லாக், அதுவும் பூட்டு என்றால் வாடகை கட்டிக்கொண்டு படகில் உட்கார்ந்து டீ குடிக்கலாம்.

மலிவு என்று கரையோரம் பிடிப்பவர்கள் படகுக் கயிற்றைக் கட்டும் முளையைப் பார்க்க வேண்டும். மரீனா என்னும் தனிப் படகுத்துறைக்குள் படகு மிதவை மேடையோரம் ஆடாமல் நிற்கும். கால்வாய்க் கரையில், போகிற ஒவ்வொரு படகும் உங்கள் படகை இழுத்துவிட்டுத்தான் போகும். ஈர மண்ணில் அடித்த இரும்பு முளை நாளுக்கு ஓர் அங்குலமாக மேலே வரும். இரண்டு வாரம் கழித்துப் போனபோது, பின்கயிறு முளையோடு தண்ணீருக்குள், படகு கால்வாய்க்குக் குறுக்கே. யாரோ ஒரு புண்ணியவான் புதரில் கட்டிவைத்திருந்தார். நிரந்தர வளையம் பதித்த இடமா, கரையோரம் ஆழம் எவ்வளவு, மேலே மரம் கவிந்து சோலார் தகடை மறைக்கிறதா என்று பாருங்கள். கழிவறைத் தொட்டியைக் காலி செய்யும் இடம் எங்கே என்றும் கேளுங்கள். அது மூன்று மைல் தள்ளி என்றால் உங்கள் பயணத் திட்டத்தை அதுதான் தீர்மானிக்கும்.

மூரிங்கே வேண்டாம், 14 நாளுக்கு ஒரு தடவை நகர்த்திக்கொள்கிறேன் என்று மிச்சம் பிடிக்க நினைப்பவர்களும் உண்டு. 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலையான இடம் இல்லாத படகு உண்மையாகவே பயணத்தில் இருக்க வேண்டும். அங்கேயும் இங்கேயும் மாற்றி மாற்றிக் கட்டுவது பயணம் ஆகாது. 2024 ஏப்ரலில் இருந்து இத்தகைய படகுகளுக்கு உரிமக் கட்டணமும் கூடுதல். வேலைக்குப் போகிறவர்களுக்குச் சரிப்படாது.

ஆனால் மூரிங் உள்ளவர்கள் அந்த 14 நாளை நன்றாகப் பயன்படுத்தலாம். பெரும்பாலானோர் இதை மறந்துவிட்டு ஒவ்வொரு ஞாயிறும் வீடு திரும்புகிறார்கள். 14 நாள் அனுமதி உள்ள இடத்தில் படகை விட்டுவிட்டு ரயிலில் போய், அடுத்த தடவை அங்கிருந்து தொடரலாம். தெற்கு ஆக்ஸ்போர்ட் கால்வாயில் பான்பரி, ஹேஃபர்ட், ஆக்ஸ்போர்ட் எல்லாமே ரயில் நிலையம் உள்ள ஊர்கள். லண்டனின் ஹாரோவில் குடியிருப்பவர் ரயிலேறினால் பெர்காம்ஸ்டெட் நிலையத்தை ஒட்டியே கிராண்ட் யூனியன் ஓடுகிறது. லாக்குகள் அங்கே நெருக்கம்தான், சரி, அதற்கு நண்பர்களைக் கூட்டிப் போகலாம். இப்படி ஓட்டுவதாக இருந்தால் மூரிங் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

இடம் பார்க்க வெயில் ஞாயிறில் போகாதீர்கள். நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை மாலை, வேலை முடித்து, நெடுஞ்சாலை நெரிசலில் நீந்திப் போய்ச் சேருங்கள். கார் நிறுத்தும் இடத்திலிருந்து டார்ச் வெளிச்சத்தில் மளிகைப் பையோடு நடந்து பாருங்கள். அங்கே ஜன்னலில் விளக்கெரியும் படகு ஏதாவது இருந்தால் தட்டி, போன வருஷம் எத்தனை வார இறுதி கயிற்றை அவிழ்த்தீர்கள் என்று கேளுங்கள். நான் கேட்ட ஒருவர் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். ஒரு கையிலேயே முடிந்துவிட்டது.